‘எந்த ஊரு?’ என்று கேட்பதற்கு முன்

கடம்பத்தூரில் முன்பின் தெரியாத முகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில், திருவள்ளூரைத் தாண்டி, ஏகாட்டூருக்கு அடுத்து வரும் நிலையம் இது. காலையில் ஒரு கூட்டம் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ரயிலேறும். இரவு ஷிஃப்ட் முடித்த இன்னொரு கூட்டம் கண் எரிச்சலோடு இறங்கும். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் என்பதால் சுற்றுக் கிராமத்தார் மனுவும் கையுமாக வந்துபோவார்கள். காக்களூர் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் என்று ஆள் கேட்டுக்கொண்டே இருக்கும் மாவட்டம். வாடகை அறைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு மெஷினைக் காட்டிக்கொடுக்க வேண்டிய லைன் லீடர், வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலர், மாடி போர்ஷனுக்குக் குடிவந்தவரிடம் மோட்டார் போடும் நேரத்தைச் சொல்ல வேண்டிய வீட்டுக்காரம்மா என எல்லோருக்கும் கையில் இருப்பது முதல் ஐந்து நிமிடம்தான்.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனைகள் புன்னகை, கைகுலுக்கல், கண்ணைப் பார்த்துப் பேசுதல். தப்பில்லை. ஆனால் எதிரே இருப்பவரின் மனத்தில் ஓடும் கேள்வி வேறு: “இவர் எதுக்கு என்கிட்ட பேசறார்?” அதற்கு விடை கிடைக்கும்வரை புன்னகைகூடச் சந்தேகத்தைத்தான் கூட்டும். காரணம் தெரியாமல் ஒருவர் சிரித்துச் சிரித்துப் பேசினால், சீட்டுப் பிடிக்க வந்தாரோ, பாலிசி எடுக்கச் சொல்வாரோ என்று பையை இறுக்கிக்கொள்வது நம் வழக்கம். அதில் நியாயமும் உண்டு. எனவே இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்குச் சீக்கிரமாகவும் நேர்மையாகவும் விடை சொல்வதைப் பற்றியதுதான்.

ரயிலில்

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் புறநகர் ரயில் பயணிகளை வைத்து நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பிரிவினரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டு போகச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரை யாரோடும் பேசாமல் போகச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினர் வழக்கம்போலப் போனார்கள். எந்தப் பயணம் இனிமையாக இருக்கும் என்று வேறு சில பயணிகளிடம் முன்கூட்டியே கேட்டபோது, பேசாமல் போவதுதான் என்றார்கள். நடந்ததோ நேர்மாறு. பேசிக்கொண்டு போனவர்களே நல்ல பயணம் என்று சொன்னார்கள். அதே ஆய்வாளர்கள் லண்டன் ரயில்களில் செய்து பார்த்து 2022இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் இருந்தது. தயக்கத்துக்குக் காரணம், அடுத்தவருக்குப் பேச விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வது.

ஆரம்பிப்பதற்குத் தோதான கேள்வி ஒன்றைக் கடம்பத்தூர்க்காரர்களுக்கு ரயில்வேயே கொடுத்திருக்கிறது. சென்ட்ரலிலிருந்து கிளம்பும் மின்சார ரயில்களில் பல திருவள்ளூரோடு நின்றுவிடும். “அண்ணா, இது அரக்கோணம் வண்டியா, திருவள்ளூரோட நின்னுடுமா?” என்று கேட்டால், ஏன் கேட்கிறார் என்பது கேட்கப்படுபவருக்கு அந்த நொடியே விளங்கிவிடும். ஐயத்துக்கு இடமே இல்லை. பதில் சொன்னவர் தானாகவே “நீங்க எங்க இறங்கணும்?” என்பார். பேச்சு அங்கிருந்து நடக்கும், அல்லது நடக்காது. இரண்டும் சரிதான்.

முதல் பேச்சுக்கு இருவருக்கும் பொதுவாகக் கண்ணெதிரே இருக்கும் ஒன்றை எடுப்பது நல்லது என்பதன் காரணமும் இதுதான். வண்டி தாமதம், கேண்டீன் சாப்பாடு, தெருவில் வரும் உப்புத் தண்ணீர், தண்ணீர் கேன் விலை, கம்பெனி பஸ் நிற்கும் இடம் எல்லாம் அந்த வகை. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை இல்லையா என்பவை அந்த வகையல்ல. நம் ஊரில் இவற்றை அன்பின் அடையாளமாகக் கேட்பவர்கள் உண்டு. கேட்கப்படுபவர் அதை அன்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

சிகாகோ ஆய்வை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எல்லா இடத்திலும் பொருத்தவும் முடியாது. இரவு எட்டு மணி ரயிலில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் முன்பின் தெரியாத ஆண் பேச்சுக் கொடுத்தால், அவர் மனத்தில் எழும் “எதுக்கு?” என்ற கேள்வியின் கனம் வேறு. வண்டியைப் பற்றிக் கேட்டு, பதில் ஒற்றை வார்த்தையில் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. மகளிர் பெட்டியில் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பூ கட்டிக்கொண்டே வீட்டுக் கதை முழுவதும் வந்துவிடும்.

வாசற்படியில்

வேற்று வீட்டு வாசலில் நின்று பேசுவது இன்னும் கடினம். தமிழ்நாட்டில் இதைத் தினசரி வேலையாகச் செய்பவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து, மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. இந்த வேலையைச் செய்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். டாக்டர்களோ நர்ஸ்களோ அல்ல. அடுத்த தெருப் பெண்கள்.

அப்படி ஒருவர் புதிதாக ஒரு வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் ஒரு மூதாட்டி.

“ஆயா, உங்களுக்கு சுகர் இருக்கா?” என்று ஆரம்பித்தால் வரக்கூடிய பதில், “எனக்கு ஒன்னும் இல்ல, போ.” முன்பின் தெரியாத ஒருத்தி வந்து உடம்பைப் பற்றிக் கேட்டால் வேறென்ன சொல்வார்?

“ஆயா, நான் பக்கத்துத் தெருதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வீடு பிரஷர் பாக்கச் சொல்லியிருக்காங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும், காசு கிடையாது. எதிர் வீட்ல இப்பதான் பாத்துட்டு வரேன். உங்களுக்கும் பாக்கட்டா?”

இரண்டாவது பேச்சில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. யார், யார் அனுப்பியது, எதற்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, இதற்கு முன் யார் வீட்டுக்குப் போனார் என்ற ஆறு விவரங்கள் மட்டும் உள்ளன. ஆறும் கேள்விக்கு முன்னால் வந்துவிடுகின்றன. கடைசியில் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் ஆயாவுக்கு இடம் இருக்கிறது. எதிர் வீட்டைச் சொன்னது வெறும் தகவலும் அல்ல. ஆயா எழுந்து போய் விசாரித்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு அதில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சின்ன விஷயமும் கைகொடுக்கும். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. அது இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். உள்ளே தெலுங்கு காதில் விழுந்தால், தெரிந்த அளவுக்கு அதிலேயே ஒரு வாக்கியம் பேசலாம். தப்பாகப் பேசினாலும் குறையில்லை. திருத்திக்கொடுக்க அவர்கள் வாய் திறந்தாலே பாதி வேலை முடிந்தது.

அளந்து முடித்ததும் எண்ணை யாரிடம் முதலில் சொல்வது என்பதும் முக்கியம். மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனால், கையை நீட்டிய ஆயா தன் வீட்டிலேயே மூன்றாம் ஆளாகிவிடுவார். அவருடைய எண்ணை அவரிடமே சொல்ல வேண்டும்.

இதே திருவள்ளூர் வட்டாரம் ஒரு காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்றின் களமாக இருந்தது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதியில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்கிறதா என்று பார்க்க 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஆய்வைத் தொடங்கியது. 1971க்குள் சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லா ஊசி. அதோடு முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கவும் சளி மாதிரி வாங்கவும் ஆய்வுப் பணியாளர்கள் 15 ஆண்டுகள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவ்வளவு காலம் சளி டப்பாவோடு ஒரே தெருவுக்கு வருவதென்றால், முதல் நாள் பேச்சு மட்டும் போதாது. சொன்னபடி மறுபடி வர வேண்டும். கடைசியில் கிடைத்த விடை எதிர்பார்த்தது அல்ல: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. கசப்பான அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான பணியாளர்களுக்கும் இதே வாசற்படிதான். அவர்கள் கையில் நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒருவர் தரும் தகவலைப் பிறர் பார்வையிட முடியாது. வழக்குகளில் சாட்சியமாகவும் ஏற்க முடியாது. “இத வேற யாருக்கும் காட்ட மாட்டோம், சட்டமே அப்படி இருக்கு” என்று முதலிலேயே சொல்லிவிட்டால், குடும்ப அட்டை பறிபோகுமோ என்று பயப்படுகிற வீட்டில் பேச்சு இலகுவாகும்.

ஊரைக் கேட்பது

தமிழ்நாட்டில் புதியவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி “எந்த ஊரு?” நல்ல கேள்வி. பதில் சொல்ல யாரும் யோசிக்க வேண்டியதில்லை. சொல்லும்போதே முகம் மலரும். “பேரம்பாக்கமா? நரசிங்கபுரம் நரசிம்மர் கோயிலுக்கு அந்தப் பக்கமாத்தான் வந்திருக்கோம்” என்று பிடி கிடைத்துவிடும்.

ஆனால் அதே கேள்விக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. “ஊர்ல எந்தப் பக்கம்?”, “எந்தத் தெரு?”, “குலதெய்வம் எது?” என்று அடுத்தடுத்து இறங்கினால் அது ஊர் விசாரிப்பு அல்ல, சாதி விசாரிப்பு. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ‘நம்ம ஆளு’ என்று தெரிந்துகொண்டு அரை நிமிடத்தில் உண்டாகும் நெருக்கத்தைப் போல வேகமானது எதுவும் இல்லை. அதைப் போல மலிவானதும் எதுவும் இல்லை. அந்த அரை நிமிடத்தில் பக்கத்தில் நிற்கும் வேறொருவர் வெளியே தள்ளப்படுகிறார். இப்படிக் கேட்கப்பட்டுப் பழகியவர்கள் “எந்த ஊரு?” என்றதுமே உஷாராகி, மாவட்டத் தலைநகரின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அவர் அப்படி நிறுத்தினால், கேட்டவரும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஊரைக் கேட்டபின் திரும்ப வேண்டிய திசை தெருவல்ல, அந்த ஆளின் வாழ்க்கை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அதிகம் கேள்வி கேட்பவர்களை, அதிலும் சொன்ன பதிலைப் பிடித்து அடுத்த கேள்வி கேட்பவர்களை, மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று காட்டியது. காதுகொடுத்துக் கேட்டதற்கு அந்த அடுத்த கேள்விதான் சாட்சி. பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு கேட்டால் நேர்முகத் தேர்வாகிவிடும்.

தொழிற்சாலை லைனில் இதை வெளிமாநிலத் தொழிலாளரோடு பேசும்போது பார்க்கலாம். “பீகாரா?” என்று கேட்டு, “ஆமா” என்றதும் நகர்ந்துவிடுவது பலர் வழக்கம். “பீகார்ல எந்த ஜில்லா?” என்பது அடுத்த கேள்வி. ‘ஜில்லா’ இருவருக்கும் புரியும். தர்பங்கா என்றோ கயா என்றோ பதில் வரும். “ரயில்ல எத்தனை நாள் ஆகுது?” என்பது அதற்கும் அடுத்தது. ஒடிசாக்காரரானால் பலாங்கீரோ நுவாபடாவோ என்று கேட்டுப் பார்க்கலாம்; அந்த மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பிள்ளைகளுக்குச் சூளைப் பக்கத்திலேயே ஒடியா மொழியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் மையங்களும் இங்கே நடந்திருக்கின்றன. ‘வடக்கன்’, ‘ஏ பையா’ என்று கூப்பிடும் இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரென்று அந்த ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்துவிடும்.

இது வெறும் நல்லெண்ண விவகாரம் அல்ல என்பதை 2023 மார்ச் காட்டியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ஹோலி பண்டிகை நேரம் வேறு; ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் பயந்து ஓடுகிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவித்தார். பீகார் அரசு நால்வர் குழுவை அனுப்பி விசாரித்தது. மார்ச் 7 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திருநெல்வேலி மாவட்டம் காவல்கிணறில் ஒரு தொழிற்சாலைக்கே போய் வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். மாவட்டங்களில் போலீஸார் இந்தியில் நோட்டீஸ் அடித்து, உதவி எண் கொடுத்தார்கள்.

ஒரு வீடியோவைப் பார்த்ததும் “இது நிஜமா?” என்று கூப்பிட்டுக் கேட்க ஒரு தமிழரின் எண்ணாவது கைப்பேசியில் இருந்த தொழிலாளிக்கு அந்த வாரம் வேறு மாதிரிதான் இருந்திருக்கும். வருடக்கணக்கில் ஒரே லைனில் நின்று வேலை செய்தும் அப்படி ஓர் எண் கைமாறாமல் இருந்தால், அந்தக் குறையை எந்த நோட்டீஸாலும் ஒரே வாரத்தில் அடைத்துவிட முடியாது.

திருடனும் இதையே படித்திருக்கிறான்

வேகமாக நம்பிக்கை உண்டாக்கும் கலையில் இன்றைக்குக் கைதேர்ந்தவர்கள் மோசடிக்காரர்கள். ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றிப் பிரதமர் மோடியே 2024 அக்டோபரில் தன் வானொலி உரையில் எச்சரிக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. இவர்களும் பெயர் சொல்வார்கள், அலுவலகம் சொல்வார்கள், நம் ஆதார் எண்ணைக்கூடச் சொல்வார்கள். எதை வைத்துப் பிரித்தறிவது?

மூன்று இடத்தில் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அவசரப்படுத்துவார்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்பார்கள், விசாரித்துவிட்டு வருகிறேன் என்றால் விடமாட்டார்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

நேர்மையாகப் பேச வந்தவர் செய்ய வேண்டியது இதற்கு நேரெதிர். “அவசரம் இல்ல, யோசிச்சு சொல்லுங்க.” “வீட்ல கேட்டுக்குங்க.” “எங்க ஆபீஸ் ஒன்றிய அலுவலகத்துக்குப் பக்கத்துல இருக்கு, வந்து பாத்துக்குங்க.” வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி வருபவரும், குழுக் கடனுக்குக் கையெழுத்து கேட்டு வருபவரும் இதைச் சொல்லத் தயங்கினால், எதிரே இருப்பவர் தயங்குவதில் தப்பே இல்லை.

கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கி

உளவியலாளர் ஆர்தர் ஆரனும் உடனிருந்தவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். இலேசாகத் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகும் கேள்விகள். இருவரும் மாறி மாறிப் பதில் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரத்தில், பொதுவாக அரட்டையடித்த ஜோடிகளைவிட இவர்கள் அதிகம் நெருங்கியிருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது 36 என்ற எண்ணை அல்ல, மாறி மாறி என்பதை. ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க இன்னொருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் அது போலீஸ் ஸ்டேஷன். “எனக்கும் முதல் வாரம் நைட் ஷிஃப்ட்ல தூக்கமா வரும், சுக்குக் காபிதான் காப்பாத்திச்சு” என்று லைன் லீடர் தன்னைப் பற்றி ஒன்றைச் சொன்னால், புதிதாக வந்தவர் “எனக்குக் கால்தான்ணா வலிக்குது” என்று தனக்குள்ளதைச் சொல்வார். முதல் நாளிலேயே தன் கடன், மாமியார், மேனேஜர் மேல் உள்ள கோபம் எல்லாவற்றையும் கொட்டுவது வேறு கதை. அது கேட்பவர் தலையில் பாரத்தை ஏற்றுவது.

அந்த வலிக்கு அன்றைக்கே ஏதாவது செய்ய முடிந்தால் நல்லது: “ஸ்டோர்ல ரப்பர் மேட் இருக்கு, டீ டைம்ல வாங்கித் தரேன்.” சொல்லிவிட்டு டீ டைமில் வாங்கித் தர வேண்டும். மறந்துவிட்டால் முதல் ஐந்து நிமிடம் முழுக்க வீண். இரண்டாவது ஐந்து நிமிடம் சுலபத்தில் கிடைக்காது.

பேசி முடித்து வந்தபின் பலருக்கு உள்ளே ஓர் அரிப்பு இருக்கும்: ‘அதிகமா பேசிட்டோமோ, நம்மள அவருக்குப் பிடிக்கலையோ.’ எரிக்கா பூத்பி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2018இல் இதை அளந்து பார்த்தார்கள். முதல்முறை பேசிக்கொண்டவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் இந்தக் குறைமதிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. அதாவது அந்த அரிப்பு பெரும்பாலும் பொய். அதை நம்பி அடுத்த நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் உண்மையான சேதம்.

எனவே அன்று இரவே செய்துவிடக்கூடிய வேலை ஒன்றே ஒன்று: வாங்கிய எண்ணை ‘பீகார் பையன்’, ‘மாடி வீடு’, ‘புது ஆள் நைட் ஷிஃப்ட்’ என்று சேமிக்காமல், பெயரோடும் ஊரோடும் சேமித்துவைப்பது. உச்சரிப்பு சரியாக வரவில்லையென்றால் மறுநாள் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அடுத்த பேச்சை ஆரம்பிக்க அதுவே போதும்.